ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அமெரிக்க விடுதலைக் கதைகளில் எவற்றைச் சொல்வது?

“1776இல் அமெரிக்காவுக்குச் சுதந்திரம் கிடைத்தது என்றால், அங்கே இருந்த எல்லாருக்கும் கிடைத்ததா?” என்று உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். அதற்கு விடையாகச் சில உண்மைக் கதைகள் வேண்டும், பிள்ளை மிரண்டுபோகவும் கூடாது, பொய் கலக்கவும் கூடாது என்கிறீர்கள்.

கிடைக்கவில்லை என்பதுதான் நேரான விடை. அந்த ஆண்டில் 13 குடியேற்றங்களிலும் அடிமை முறை சட்டப்படியே நடந்துகொண்டிருந்தது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். நாடு முழுவதும் அந்த முறை ஒழிந்தது 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தத்தால். நடுவில் ஏறக்குறைய 90 ஆண்டுகள். அந்த 90 ஆண்டுகளையும் ‘லிங்கன் வந்தார், விடுதலை தந்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் கதைகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். லிங்கனின் பங்கு பெரியதுதான். ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே தம் விடுதலைக்குத் தாமே வழி தேடிக்கொண்டவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அவர்களைத்தான் முதலில் அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. ‘எப்படித் தப்பித்தாள், கதவு பூட்டியிருக்காதா, சாப்பாட்டுக்கு என்ன செய்தாள்’ என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஆவணங்கள் நிறையவே இருக்கின்றன.

ஓனா ஜட்ஜ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னான் பண்ணையில் பிறந்தவர். தாய் பெட்டி (Betty) என்பவர் அங்கே அடிமையாக இருந்த தையல்காரி. அந்தப் பண்ணை ஜார்ஜ் வாஷிங்டனுடையது. அவர் முதல் குடியரசுத் தலைவரானபோது, ஓனாவை மனைவி மார்த்தாவின் பணிப்பெண்ணாகத் தலைநகருக்கு அழைத்துப் போனார்கள். முதலில் நியூயார்க், பிறகு பிலடெல்பியா. பிலடெல்பியா இருந்த பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு: வெளியூர்க்காரர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் விடுதலை கேட்கலாம். அதனால் ஆறு மாதம் முடிவதற்குள் பணியாட்களை மாநில எல்லைக்கு வெளியே ஒரு நடை கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவரும் வழக்கத்தை வாஷிங்டன் வைத்திருந்தார். அவர்களுக்கும் ஊராருக்கும் காரணம் தெரியாதபடி இதைச் செய்ய வேண்டும் என்று தம் செயலாளருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

1796இல் ஓனாவுக்கு 22 வயது இருக்கலாம். தம்மை மார்த்தாவின் பேத்திக்குத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். வீடே வர்ஜீனியாவுக்குப் புறப்படும் பரபரப்பில் இருந்தது. அவர்கள் ஊருக்குப் போக மூட்டை கட்டினார்கள், நானும் கட்டினேன், எங்கே போவது என்றுதான் தெரியவில்லை என்று பிற்காலத்தில் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். நகரத்தில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின நண்பர்கள் இருந்தார்கள். தம் சாமான்களை முன்கூட்டியே அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மே 21 அன்று வாஷிங்டன் குடும்பம் சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறினார். சில நாட்களில், பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தெருவில் வாஷிங்டன் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெண் இவரை அடையாளம் கண்டுகொண்டார். செய்தி எட்டியது. குடியரசுத் தலைவர் தம் நிதி அமைச்சர் மூலம் அந்தத் துறைமுகத்தின் சுங்க அதிகாரியிடம் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். ஊரார் எதிர்ப்பார்கள் என்று தயங்கிய சுங்க அதிகாரி, ஓனாவிடம் பேசிப்பார்த்தார். வாஷிங்டன் காலத்துக்குப் பிறகு விடுதலை தருவதாக உறுதி சொன்னால் வருகிறேன் என்றார் ஓனா. வாஷிங்டன் மறுத்துவிட்டார். 1799இல் மார்த்தாவின் உறவினர் ஒருவர் நேரிலேயே வந்து கூப்பிட்டபோது ஓனா சொன்ன பதில் சுருக்கமானது: இப்போது நான் சுதந்திரமாக இருக்கிறேன், அப்படியே இருக்கப்போகிறேன். அடுத்த முறை பலவந்தமாகக் கொண்டுபோகத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று முன்னெச்சரிக்கை கிடைக்க, பக்கத்து ஊருக்குப் போய் ஒளிந்துகொண்டார்.

பிள்ளைகளுக்கு இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. தம்மை ஏற்றிச்சென்ற கப்பல் தலைவர் ஜான் போல்ஸ் பெயரை, அவர் இறக்கும்வரை ஓனா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத் தண்டனை வரும் என்ற அச்சம். வாஷிங்டனை என்ன செய்வது என்று நீங்கள் தயங்குவீர்கள். நாட்டை நிறுவியவர், படைத்தலைவர், இந்தப் பெண்ணைத் துரத்தியவர் எல்லாம் ஒரே ஆள்தான். மூன்றையும் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்கு அது தாங்கும். முடிவையும் இனிப்பாக்க வேண்டாம். ஓனா மணமுடித்தார், கணவரையும் பிள்ளைகளையும் தம் கண்முன்னே இழந்தார், வறுமையில் வாழ்ந்து 1848இல் இறந்தார். சட்டத்தின் கண்ணில் கடைசிவரை ‘தப்பியோடிய அடிமை’தான். வாஷிங்டன் வீட்டில் சுகமாக இருந்திருக்கலாமே, ஓடிவந்ததற்கு வருத்தமில்லையா என்று கேட்டதற்கு இல்லை என்றுதான் சொன்னார்.

எல்லாரும் ஓடித்தான் விடுதலை பெற்றார்கள் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. எலிசபெத் ஃப்ரீமன் வழக்குப் போட்டு வென்றவர். மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டு ஊரில் ஜான் ஆஷ்லி என்பவர் வீட்டில் அடிமையாக இருந்தார், அப்போது பெட் என்றுதான் அழைப்பார்கள். 1773இல் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராக, மனிதர்கள் இயல்பிலேயே சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று ஒரு தீர்மானம் எழுதினார்கள். எழுதிய இடம் ஆஷ்லியின் வீடு. அந்த வீட்டில் அடிமையாக இருந்தவர் பெட். ஒருநாள் ஆஷ்லியின் மனைவி சமையலறையில் கோபத்தில் ஒரு சிறுமியை அடிக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியை ஓங்கியபோது, பெட் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அடி அவர் கையில் விழுந்தது. அந்தப் புண்ணை மூடாமலேயே வைத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்பவர்களிடம், அம்மாவைக் கேளுங்கள் என்று எஜமானியைக் கைகாட்டுவாராம். 1780இல் அந்த மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம், எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்றது. இது காதில் விழுந்ததும் பெட், தியடோர் செட்விக் என்ற வழக்கறிஞரிடம் போனார். எழுதப் படிக்கத் தெரியாத பெண், அந்த வரி தமக்கும் பொருந்தாதா என்று கேட்டார். 1781இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, 30 ஷில்லிங் நட்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தும் அவர் போகவில்லை.

அடுத்தது மரப்பெட்டிக் கதை. பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான், ஆனால் இதன் முதல் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹென்றி பிரவுன் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் புகையிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அடிமை. அவருடைய மனைவி நான்சியும் பிள்ளைகளும் வேறொருவருக்குச் சொந்தம். அவர்களை விற்காமல் இருப்பதற்காக அந்த ஆளுக்கு ஹென்றி பணம் கொடுத்துவந்தார். பணத்தையும் வாங்கிக்கொண்டு, 1848இல் அவர்களை விற்றுவிட்டான் அந்தப் பாவி. வரிசையாக நடத்திச் செல்லப்பட்ட மனைவியின் கையைப் பிடித்தபடி சில மைல் தூரம் கூடவே நடந்து, அதற்கு மேல் விடமாட்டார்கள் என்ற இடத்தில் ஹென்றி நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர்களோடு அவர் சேரவே இல்லை. இதைச் சொல்லாமல் பெட்டிக்குள் போன சாகசத்தை மட்டும் சொன்னால் அது வேடிக்கைக் கதையாகிவிடும்.

1849 மார்ச்சில் அவர் தம்மைத் தாமே பார்சலாக அனுப்பிக்கொண்டார். சுமார் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள மரப்பெட்டி. ஜேம்ஸ் ஸ்மித் என்ற சுதந்திரக் கறுப்பின நண்பரும், சாமுவேல் ஸ்மித் என்ற வெள்ளைக்காரச் செருப்புக் கடைக்காரரும் உதவினார்கள். இருவருக்கும் உறவு எதுவும் இல்லை, பெயர் மட்டும் ஒன்று. வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே, அதற்காக அமிலத்தை ஊற்றித் தம் கையைப் புண்ணாக்கிக்கொண்டார் ஹென்றி. கொண்டுபோனது கொஞ்சம் தண்ணீர், சில பிஸ்கட்டுகள், காற்றுக்குத் துளை போட ஒரு சிறு துரப்பணம். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியிருந்தும் யார் பார்த்தார்கள்? நீராவிப் படகில் பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். கண்கள் பிதுங்கி வெளியே வந்துவிடும் போல ஆயிற்று, நரம்புகள் புடைத்தன, சத்தம் போடவும் முடியாது. உட்கார இடம் தேடிய இருவர் பெட்டியைப் புரட்டிப் போட்டு அதன்மேல் உட்கார, உயிர் பிழைத்தார். 27 மணி நேரம் கழித்து, பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் பெட்டி திறந்தது. எழுந்து நின்று, வணக்கம் ஐயா, எப்படி இருக்கிறீர்கள் என்று நலம் விசாரித்தாராம். தரையில் சுண்ணக்கட்டியால் மூன்றடிக்கு இரண்டடி கட்டம் ஒன்று வரைந்து, உங்கள் மகளை அதற்குள் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். 27 மணி நேரம் என்றால் என்ன என்று பிறகு விளக்க வேண்டியிராது.

இதற்கும் ஒரு கசப்பான வால் உண்டு. அதே ஆண்டில் சாமுவேல் ஸ்மித் வேறு சிலரையும் பெட்டியில் அனுப்ப முயன்று பிடிபட்டுச் சிறைக்குப் போனார். ஹென்றி பெட்டியில் வந்த வழியை ஊரறியச் சொன்னதால் பின்னால் வருபவர்களுக்கு அது அடைபட்டுப் போயிற்று என்று, தாமும் தப்பி வந்தவரான ஃபிரடெரிக் டக்ளஸ் வருந்தினார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது.

அன்று பெட்டி திறந்தபோது பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர், அந்தச் சங்க அலுவலகத்தில் வேலை பார்த்த வில்லியம் ஸ்டில். இந்தக் கதைகள் நமக்குக் கிடைத்ததற்கே அவருக்குப் பெரிதாகக் கடமைப்பட்டிருக்கிறோம். பிலடெல்பியா வழியாகத் தப்பிச் சென்ற நூற்றுக்கணக்கானவர்களிடம் பெயர், ஊர், யார் வீட்டில் இருந்தார், யாரை விட்டுவந்தார் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்தார். பிரிந்த குடும்பங்கள் பிறகு தேடிக்கொள்ள உதவும் என்பது நோக்கம். 1850இல், நாற்பதாண்டுகளுக்கு மேல் அடிமையாக இருந்து தம் விலையைத் தாமே கொடுத்து மீண்ட பீட்டர் என்பவர் தாய் தகப்பனைத் தேடி அந்த அலுவலகத்துக்கு வந்தார். பெற்றோர் பெயர் லெவின், சிட்னி என்றார். ஸ்டில் திகைத்துப்போனார். அவை அவருடைய பெற்றோரின் பெயர்கள். தாய் தப்பி ஓடியபோது கூடக் கொண்டுபோக முடியாமல் விட்டுப்போன அண்ணன்தான் எதிரே உட்கார்ந்திருந்தவர். ஸ்டில் அதற்குப் பிறகு பிறந்தவர் என்பதால் அண்ணனைப் பார்த்ததே இல்லை. தாய் உயிரோடு இருந்தார், மகனைப் பார்த்தார்.

இப்படி உண்மையிலேயே இவ்வளவு இருக்கும்போது, கட்டுக்கதையைச் சேர்ப்பது ஏன் என்று எனக்குப் புரிவதே இல்லை. ஒட்டுத்துணிப் போர்வைகளில் ரகசியக் குறிகளைத் தைத்து வேலியில் காயப்போட்டு வழி காட்டினார்கள் என்று ஒரு கதை சிறுவர் நூல்களில் உலவுகிறது. தப்பி வந்தவர்கள் சொன்ன நூற்றுக்கணக்கான வாக்குமூலங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தக் கதை பரவியது 1990களின் இறுதிக்குப் பிறகுதான். தாமும் தப்பி வந்து, திரும்பிப் போய் மற்றவர்களையும் மீட்ட ஹேரியட் டப்மன் 300 பேரை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்கள் என்பதும் பிற்காலத்தார் ஊதிப் பெருக்கியது. ஆய்வாளர்கள் இன்று சொல்வது சுமார் 13 பயணங்கள், சுமார் 70 பேர். 1849இல் அவருக்காக வந்த விளம்பரம், அவரையும் தம்பிமார் இருவரையும் சேர்த்து ஆளுக்கு அதிகபட்சம் 100 டாலர் என்றுதான் கூறுகிறது. சிறுவயதில் தலையில் இரும்பு எடைக்கல் பட்டு, வாழ்நாள் முழுதும் திடீர் திடீரென்று மயங்கித் தூங்கிவிடும் நோயோடு, இரவு நீண்ட குளிர்காலங்களில் மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்பப் போய் 70 பேரைக் கொண்டுவந்த பெண்ணுக்கு 300 என்ற பொய் எண் எதற்கு? கூட்டிச் சொல்ல ஆசையாக இருந்தால் 1863 ஜூன் மாதம் தென் கரோலினாவின் காம்பஹீ ஆற்றில் நடந்ததைச் சொல்லுங்கள். ராணுவப் படகுகளுக்கு டப்மன் வழிகாட்டி நடந்த ஒரே இரவுத் தாக்குதலில் 700 பேருக்கு மேல் விடுதலையானார்கள்.

பயமுறுத்தாமல், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்படி ஒரு கதை வேண்டுமென்றால் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862, அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ‘பிளாண்டர்’ என்ற தென்தரப்பு ராணுவ நீராவிக் கப்பலில் சுக்கான் பிடிக்கும் அடிமை அவர், வயது 23. மே 12 இரவு வெள்ளைக்காரத் தலைவரும் அதிகாரிகளும் விதியை மீறி வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார்கள். விடிவதற்கு முன் ஸ்மால்ஸும் சக மாலுமிகளும் கப்பலைக் கிளப்பினார்கள். நேரே தப்பிப் போகவில்லை, முதலில் இன்னொரு துறைக்குப் போய் மனைவி ஹன்னாவையும் பிள்ளைகளையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் 16 பேர். வழியில் பீரங்கிக் கோட்டைகள். ஸ்மால்ஸ் தலைவரின் வைக்கோல் தொப்பியை முகம் மறையச் சரித்துவைத்து, அவர் நிற்பதுபோலவே கைகட்டி நின்றார். சம்டர் கோட்டை வந்ததும், கூடவே இருந்து பார்த்துப் பழகிய ஊதல் குறியைச் சரியாகக் கொடுத்தார். காவலர்கள் ‘போகலாம்’ என்றார்கள்.

கோட்டையைத் தாண்டினால் அடுத்த ஆபத்து. எதிரே நிற்கும் வடதரப்புப் போர்க்கப்பலுக்கு இது எதிரிக் கப்பல், சுட்டுவிடுவார்கள். தென்தரப்புக் கொடியை இறக்கிவிட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கம்பத்தில் ஏற்றினார்கள். வெளிச்சம் வரத் தொடங்கிய நேரம் என்பதால் அது கண்ணில் பட்டது. இல்லையென்றால் அன்றோடு கதை முடிந்திருக்கும். கப்பலோடு பீரங்கிகளும், சங்கேதக் குறிப்பேடும், துறைமுகத்தில் கண்ணிவெடி எங்கே என்ற விவரமும் வடதரப்புக்குக் கிடைத்தன. பரிசுப் பணம் 1,500 டாலர். அந்தப் பணம் கைக்கு வந்த பிறகு, தாம் அடிமையாகப் பிறந்த பியூஃபோர்ட் ஊரில், பழைய எஜமானரின் வீடு வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தபோது வாங்கிக்கொண்டார். பிறகு ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். இதே மனிதரை 1864இல் பிலடெல்பியாவில் டிராம் வண்டியில் உட்காரக் கூடாது என்று இறங்கச் சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கறுப்பின மக்களோடு கதை நின்றுவிடக் கூடாது. ‘நிற்கும் கரடி’ (Standing Bear) என்ற பெயர்கொண்ட பொங்கா பழங்குடித் தலைவரும் அவர் மக்களும் நெப்ராஸ்காவில் தம் மண்ணிலிருந்து 1877இல் தெற்கே துரத்தப்பட்டார்கள். போன இடத்தில் நோயில் பலர் இறந்தார்கள், அவருடைய மகனும் ஒருவன். தன்னைச் சொந்த மண்ணில் புதைக்க வேண்டும் என்று அந்தப் பையன் கேட்டிருந்தான். 1879 ஜனவரிக் குளிரில் மகனின் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 30 பேரோடு வடக்கே நடந்தார். அனுமதியில்லாமல் கிளம்பியது குற்றம் என்று பிடித்து வைத்தார்கள். ஒமாஹா நீதிமன்றத்தில், பழங்குடிகள் சட்டத்தின்படி ‘நபர்’ அல்ல, அதனால் வழக்கே போட முடியாது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அவர் கையை நீட்டிக் காட்டி, இதன் நிறம் வேறு, ஆனால் குத்தினால் எனக்கும் வலிக்கும், வரும் ரத்தம் உங்களுடைய ரத்தத்தின் நிறம்தான் என்றார். மே 12 அன்று நீதிபதி எல்மர் டண்டி, பழங்குடியும் சட்டத்தின் முன் நபரே என்று தீர்ப்பளித்து விடுதலை செய்தார். மகனை நயோபிராரா ஆற்றங்கரையில் புதைக்க முடிந்தது. பழங்குடிகள் எல்லாருக்கும் குடியுரிமை என்று சட்டம் வர 1924 ஆயிற்று.

கொடுமைகளை எவ்வளவு சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சவுக்கடியை வர்ணிக்காதீர்கள், படமும் காட்டாதீர்கள். குடும்பத்தைப் பிரித்து விற்றார்கள் என்பதை மட்டும் ஒளிக்காதீர்கள். அது இல்லாமல் இவர்கள் ஏன் இத்தனை பாடுபட்டார்கள் என்பதே பிள்ளைக்கு விளங்காது. இரவில் தூங்கும் நேரத்தில் சொல்லாமல் பகலில் சொல்லுங்கள், கேள்வி கேட்க நேரம் இருக்கும்.

முதலில் ஸ்மால்ஸ், பிறகு எலிசபெத் ஃப்ரீமன், பெட்டிக் கதை. ஓனாவையும் நிற்கும் கரடியையும் ஓரிரு வருடம் தள்ளி வைத்தாலும் தவறில்லை. இதெல்லாம் அந்தக் காலம்தானே என்று உங்கள் மகள் கேட்டால் ரூபி பிரிட்ஜஸைச் சொல்லுங்கள். 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில் முதல் வகுப்பில் சேர, ஆறு வயது ரூபி நான்கு அரசுக் காவலர்களுக்கு நடுவே நடந்து போனாள். வாசலில் பெரியவர்கள் கூட்டமாக நின்று கத்தினார்கள். மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்திருந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை மட்டும் அந்த ஒரு குழந்தைக்கு ஆண்டு முழுவதும் தனியாகப் பாடம் நடத்தினார். ரூபி பிறந்தது 1954இல். இன்றைக்கு அவருக்கு என்ன வயது என்று உங்கள் மகளையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.